குறுக்கே எறிந்த பந்து

அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஒரு எறிதலைப் பற்றி யாராவது கேட்டால், நான் 2010 ஜனவரி 24 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்ததைத்தான் சொல்வேன். மினசோட்டா வைக்கிங்ஸும் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸும் மோதின. வென்றவர்கள் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டிக்குப் போகலாம். ஆட்டம் முடிய 19 விநாடிதான் இருந்தது, இரு பக்கமும் 28 புள்ளி. பந்து வைக்கிங்ஸின் குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் கையில். வயது 40.

குவாட்டர்பேக்கின் வேலை கேட்பதற்கு எளிது. பந்தை வாங்கி, யாரிடம் எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் எதிரணியின் பெரிய உடல்கள் மேலே வந்து விழும்.

அன்று வைக்கிங்ஸ் நின்ற இடம் எதிரணியின் 38 கெஜக் கோடு, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு 38 கெஜம் முன்னே. அங்கிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் 3 புள்ளி, அதோடு வெற்றி. ஆனால் கம்பங்கள் எல்லைக்கோட்டுக்கும் பின்னே இருக்கும், உதைப்பவரும் சில கெஜம் பின்னிருந்தே உதைப்பார். அதனால் அந்த உதை ஏறக்குறைய 55 கெஜம் போக வேண்டும். கூடிப் பேசும் வட்டத்தில் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றதால், சற்று முன்புதான் 5 கெஜம் பின்னே தள்ளப்பட்டிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் ஒவ்வொரு கெஜமும் கணக்கு. ஃபார்வ் வலப்பக்கம் ஓடினார். எதிரே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ஆனால் அவர் உடலுக்குக் குறுக்கே, மைதானத்தின் நடுப்பக்கம், தன் அணியின் சிட்னி ரைஸை நோக்கி எறிந்தார். செயின்ட்ஸின் டிரேசி போர்ட்டர் பாய்ந்து வந்து பந்தைப் பறித்துக்கொண்டார்.

அந்த எறிதல் ஏன் அவ்வளவு கடினம்? நல்ல எறிதலின் பலம் கையில் பிறப்பதில்லை. ஊன்றிய காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, உடல் வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. ஓடும்போது இந்தச் சங்கிலி அறுந்துவிடும். மிஞ்சுவது கை மட்டும். அப்புறம், ஓடுபவரின் வேகம் பந்துக்கும் ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கம் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார், பந்து ஒரு விநாடி காற்றில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்டாமல் எறிந்தால் பந்து 5 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஓடிக்கொண்டே ஸ்டம்பைக் குறிபார்க்கும் கிரிக்கெட் ஃபீல்டருக்கு இந்தச் சிக்கல் தெரியும். பழகிய மூளை ஈடுகட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் முழுத் துல்லியம் வராது. பலம் குறைந்த பந்து காற்றில் சற்றுக் கூடுதலாக மிதக்கும். விநாடிக்கு 8 மீட்டர் ஓடும் தடுப்பாளருக்கு 0.3 விநாடி கூடுதலாகக் கிடைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுவார்.

கண்ணும் கைவிடும். நாம் எதையும் கூர்மையாகப் பார்ப்பது பார்வையின் நடுவே உள்ள சுமார் 2 பாகை அளவில்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம், அவ்வளவே. மற்ற இடமெல்லாம் மங்கல். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் கணத்தில் மூளை காட்சியை ஏறக்குறைய மூடிவிடுகிறது. துரத்துபவர்களிடமிருந்து ஓடிக்கொண்டே ரைஸைப் பிடித்த கண், பக்கத்திலிருந்து பாய வருபவரையும் தெளிவாகப் பிடிப்பது பெரும்பாடு.

இருந்தாலும் இதை வெறும் துணிச்சல் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வாழ்நாளில் 336 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்த எறிதல், கொடுத்தவர்தான் அவர். ஆனால் அந்த 2009 பருவத்தின் லீக் ஆட்டங்களில் 33 டச் டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் 6 புள்ளி) எறிந்து 7 இன்டர்செப்ஷன்தான் கொடுத்தார். அதே பருவத்தில், செப்டம்பர் 27 அன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஓடிக்கொண்டே 32 கெஜம் எறிந்தார். கிரெக் லூயிஸ் பிடித்தார், கடிகாரத்தில் 2 விநாடி மிச்சம், வைக்கிங்ஸ் வென்றது. அன்று அணி பின்தங்கியிருந்தது. பந்து தரையில் விழுந்தாலும் எதிரி பிடித்தாலும் தோல்விதான், அதனால் எறிவதே சரி. நியூ ஆர்லியன்ஸில் நிலைமை வேறு. எறியாமல் இருந்தாலே உதைக்கும் வாய்ப்பு கையில் இருந்தது, அது தவறினாலும் கூடுதல் நேரம் உண்டு. அதே கை, அதே துணிச்சல். இழக்கக்கூடியது மட்டும் மாறியிருந்தது. அந்த இன்டர்செப்ஷன் நேரடியாகத் தோல்வியைத் தரவில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பறித்தது அந்த ஒரு உதையை. கூடுதல் நேரத்தில் டாஸ் வென்ற செயின்ட்ஸ், கேரட் ஹார்ட்லியின் 40 கெஜ உதையில் 31-28 என வென்றது.

சரி, ஓடியே சில கெஜம் சேர்த்திருக்கலாமே? நானும் அதையே சொல்வேன். ஆனால் மூன்றாம் கால்பகுதியில் அவர் கணுக்காலில் பலத்த அடி. அன்று முழுவதும் தரையில் சாய்க்கப்பட்டுக்கொண்டே இருந்தார். வலிக்கும் காலை நம்பி ஓடுவது என்ற வழி, அந்த ஒரு விநாடியில் அவர் மனதுக்கு வந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். நம்பிக்கையோடு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கைதான்.