சத்துணவுக் கழிவும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

பள்ளியில் குப்பை மேலாண்மை என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வண்ணக் கூடைகள் மூன்று வாங்குவார்கள், சுவரில் ஒரு வாசகம் எழுதுவார்கள், பிள்ளைகளை மைதானம் பெருக்கச் சொல்வார்கள். அடுத்த மாதம் மூன்று கூடையிலும் ஒரே குப்பை கிடக்கும். எந்தக் குப்பை எங்கிருந்து எவ்வளவு வருகிறது, அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு மாணவர்களிடம் இல்லாதவரை இது மாறாது. முடிவெடுக்க எண்கள் வேண்டும். எனவே கூடை வாங்கும் முன் தராசைக் கையில் எடுக்க வேண்டும்.

இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசு போதும். வெறும் வாளியின் எடையை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டால் எல்லாக் கணக்கும் கெடும். ஒரு நாள் மட்டும் எடை போட்டுப் பயனில்லை. சத்துணவில் கலவை சாதங்கள் நாளுக்கு நாள் மாறுவதால் தட்டில் மிஞ்சுவதும் மாறும். தொடர்ந்து ஐந்து பள்ளி நாட்கள், சமையலறையில் நறுக்கிக் கழித்தது ஒரு வாளி, தட்டில் மிஞ்சியது இன்னொரு வாளி, வகுப்பறைக் குப்பை தனி என்று எடை போட்டு ஓர் ஏட்டில் எழுத வேண்டும். குறிப்பிட்ட ஒரு சாதத்தன்று மட்டும் மிச்சம் கூடினால், அந்த ஏட்டைச் சத்துணவு அமைப்பாளரிடமும் சமையல் அக்காவிடமும் காட்டிப் பேசுவதுதான் முதல் வேலை. வீணாகாத சோற்றுக்கு உரக்குழி தேவையில்லை.

வகுப்பறையில் விழுவது காகிதமும் பென்சில் சீவலும் தின்பண்ட உறையும்தான். அங்கே காகிதத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். நனையாத காகிதத்தைப் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே வெள்ளியாக மின்னும் உறைகளை அவர்கள் தொடமாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. ஈரக் கழிவு வாளி கைகழுவும் இடத்தில் இருக்க வேண்டும். தட்டு கழுவும் நீர் போகும் வாய்க்காலில் ஒரு சல்லடையும் வேண்டும். அது இல்லாவிட்டால் சோற்றில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போய்விடும். உடைந்த கண்ணாடி, குழல் விளக்கு, பேட்டரி, நாப்கின் ஆகியவற்றை மாணவர்கள் கையால் தொடக்கூடாது.

இனி உரம். நுண்ணுயிர்களுக்குக் கார்பன் எரிபொருள், நைட்ரஜன் உடல் வளர்க்கும் பொருள். கலவையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்கிடலாம். 10 கிலோ சமையலறைக் கழிவில் ஏறக்குறைய 8 கிலோ தண்ணீர். மீதி 2 கிலோவில் கார்பன் 0.9 கிலோ, நைட்ரஜன் 0.05 கிலோ என்று கொண்டால் விகிதம் 18. அதோடு 4 கிலோ காய்ந்த சருகைச் சேர்க்கிறோம். அதில் தண்ணீர் 0.4 கிலோ, கார்பன் சுமார் 1.6, நைட்ரஜன் சுமார் 0.03. கூட்டிப் பார்த்தால் விகிதம் 30-ஐ ஒட்டி வரும், ஈரமும் 60 சதவீதத்தில் நிற்கும். சருகு எடை குறைந்தது என்பதால் அளவில் பார்த்தால் ஒரு வாளி கழிவுக்கு நொறுக்கிய சருகு இரண்டு மூன்று வாளி. பெரும்பாலான பள்ளிகளில் உரக்குழி நாறுவதற்குக் காரணம், ஒரு கைப்பிடி சருகைத் தூவிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான்.

நாளுக்கு 5 கிலோ கழிவு, ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் 400 கிலோ சருகு வேண்டும். வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில். சருகு அதிகம் தேவைப்படுவதோ ஐப்பசி மழையில். ஆகவே கோடையில் கூட்டியதைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி நனையாத இடத்தில் அடுக்க வேண்டும். போதாவிட்டால் தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம். ஆனால் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதில் மிகுந்திருப்பதால் மெதுவாகத்தான் மக்கும்.

தொட்டி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 1 மீட்டர். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியது, மேலே கூரை, அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய் மட்டையும் சுள்ளியும். இதைவிடச் சிறிதானால் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேறிவிடும். இப்படி இரண்டு தொட்டிகள் வேண்டும்: ஒன்று நிரம்பும்போது மற்றது முதிரும். முதல் நாள் கொஞ்சம் சாணக் கரைசல். உணவுக் கழிவு ஒருநாளும் மேலே தெரியக்கூடாது. முட்டைத் துண்டுகளை ஆழத்தில் புதைக்காவிட்டால் எலியும் பூனையும் வந்துவிடும்.

குவியலின் நடுவில் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42-லேயே நின்றுவிடும். ஆய்வக வெப்பமானியைத் துளையிட்ட குழாய்க்குள் வைத்து இறக்கலாம். அது இல்லையென்றால் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி வைத்து எடுத்தால், கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும்.

சூடு தணிந்தால் என்ன காரணம் என்று கண்டுபிடிப்பதில்தான் மாணவர்களின் மூளை வேலை செய்கிறது. முதலில் கிளறுங்கள். இரண்டு நாளில் மறுபடி ஏறினால் காற்றுதான் குறைந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு மொய்ப்பதும் வறட்சிக்கு அடையாளம். எல்லாம் சரியாக இருந்தும் சூடு இல்லையென்றால் நுண்ணுயிர்களுக்குத் தீனி தீர்ந்துவிட்டது. உரம் முதிரத் தொடங்கிவிட்டது. மூக்கும் ஒரு கருவிதான். அழுகிய முட்டை நாற்றம் காற்றில்லாமல் ஹைட்ரஜன் சல்பைடு பிறப்பதால் வருவது. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி சருகு போதவில்லை என்கிறது. பழுப்பான, தட்டையான பெரிய புழுக்கள் கருப்பு சிப்பாய் ஈயினுடையவை. அவற்றால் கெடுதல் இல்லை; ஆனால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். மருந்து அடிக்காதீர்கள்.

சலித்த உரத்தில் மண் கலந்து பத்து வெந்தயம், வெறும் மண்ணில் பத்து வெந்தயம் விதைத்துப் பார்த்தால் முதிர்ச்சி தெரியும். உரம் கலந்ததில் முளைப்பு குறைந்தால் இன்னும் சில வாரம் விட வேண்டும்.

இத்தனையும் பெரும்பாலும் குலைவது மே மாத விடுமுறையில். தேர்வு நெருக்கத்தில் யாரும் தொட்டிப் பக்கம் வரமாட்டார்கள். மார்ச் நடுவிலேயே ஈரக் கழிவு போடுவதை நிறுத்தி, ஒருமுறை கிளறி, நீர் தெளித்து, ஒரு சாண் சருகால் மூடிவிடுங்கள். ஏழாம் வகுப்பிலிருந்து இருவரை ஜனவரியிலேயே எடை ஏட்டில் எழுதப் பழக்கினால், ஜூனில் தொட்டியைத் திறக்கும்போது வேலை தெரிந்த கைகள் இருக்கும்.