பேப்பர்கிளிப் நடவடிக்கை: சொல் விளக்கம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, தோற்றுப்போன ஜெர்மனியின் அறிவியலாளர்களையும் பொறியாளர்களையும் அமெரிக்கா தன்னிடம் வேலைக்கு எடுத்துக்கொண்ட இரகசியத் திட்டத்தின் குறிப்பெயர் இது. சுமார் 1,600 பேர் இப்படிப் போனார்கள்.

1945 ஜூலையில் முதலில் வைத்த பெயர் ‘ஓவர்காஸ்ட்’, அதாவது மேகமூட்டம். இவர்களுடைய குடும்பங்கள் தங்கியிருந்த முகாமை ஊர்க்காரர்களே ‘கேம்ப் ஓவர்காஸ்ட்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த பிறகு என்ன இரகசியம்? பெயரை மாற்றினார்கள். வேண்டிய ஆட்களின் கோப்புகளில் ராணுவ அதிகாரிகள் அடையாளத்துக்கு ஒரு பேப்பர்கிளிப்பைச் செருகி வைத்ததால் புதுப்பெயர் வந்தது என்பார்கள்.

சிக்கல் கோப்புக்குள் இருந்தது. 1946 செப்டம்பரில் அதிபர் ட்ரூமன் ஒப்புதல் தந்தபோது, நாஜிக் கட்சியில் பெயரளவுக்கு மேல் ஈடுபட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. அதைக் கறாராகப் பார்த்திருந்தால் ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுனே தேறியிருக்க மாட்டார். அவர் கட்சி உறுப்பினர், நாஜிகளின் துணை ராணுவப் படையான எஸ்.எஸ்.இன் அதிகாரியும்கூட. அவருடைய வி-2 ஏவுகணைகளைச் செய்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள். ஆகவே பலரது பின்னணி அறிக்கைகள் பூசி மெழுகப்பட்டன. விசா இல்லாமல் டெக்சாஸ் வந்து சேர்ந்தவர்களைப் பக்கத்து மெக்சிகோ எல்லைக்கு அனுப்பி, விசாவோடு திரும்பி நுழைய வைத்த கூத்தும் நடந்தது.

1969இல் மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் ஃபான் பிரவுன் தலைமையில் உருவானது. அந்த ராக்கெட் திட்டத்தின் மேலாளராக இருந்த ஆர்தர் ருடால்ஃப், டோரா வதைமுகாம் விவகாரத்தில் தன்மீது விசாரணை வந்ததும் 1984இல் அமெரிக்காவை விட்டு வெளியேறி, குடியுரிமையையும் துறந்தார்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? சொல்லுக்குச் சொல் என்றால் ‘தாள்கவ்வி நடவடிக்கை’. ஆனால் குறிப்பெயரை மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு ஆள் அடையாளம் தெரியாது. ‘புளூஸ்டார் நடவடிக்கை’ போல ‘பேப்பர்கிளிப் நடவடிக்கை’ என்பதே போதும். திட்டத்தின் தன்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எதிரிநாட்டு அறிவியலாளர் ஆள்சேர்ப்பு’ எனலாம். ஒப்பந்தமும் சம்பளமும் இருந்ததால் ‘சேர்ப்பு’ பொருந்தும். சோவியத் யூனியன் செய்ததற்கு அது பொருந்தாது. 1946 அக்டோபர் 22 விடியற்காலையில், 2,000-க்கும் மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்களைப் பெரும்பாலும் சம்மதம் கேட்காமலே குடும்பத்தோடு ரயிலேற்றினார்கள். அது ‘ஆள்பிடிப்பு’.