ஓடைக் கல்லை நகர்த்துவதற்கு முன்

பொதிகை, ஆனைமலை, நீலகிரி என்று எந்த மலைச்சரிவுக்குப் போனாலும், இறங்கி வரும் காட்டோடைகளில் இரண்டு காட்சிகள் இப்போது வழக்கமாகிவிட்டன. கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் எடுப்பது ஒன்று. குளிக்க இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று கற்களைக் குறுக்கே போட்டுத் தண்ணீரைத் தேக்குவது மற்றொன்று. இதைச் செய்பவர்களுக்கு ஓடையைக் கெடுக்கும் எண்ணம் கிடையாது. குப்பை போடவில்லை, மரம் வெட்டவில்லை, கல்லைத்தானே நகர்த்தினோம் என்கிறார்கள். அந்தக் கல்தான் அங்கே வீடு.

வேகமாக ஓடும் நீரில் எந்தச் சிறு உயிரும் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டு வாழ முடியாது. கல்லின் பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் வேகம் மிகவும் குறைவு. கல்லுக்குப் பின்னும் அடியிலும் இன்னும் குறைவு. ஓடையின் உயிர்களில் பெரும்பகுதி இந்த இடங்களில்தான் இருக்கிறது. இளம்பருவத்தை நீரில் கழிக்கும் மேஃபிளை பூச்சிகளில் ஒரு குடும்பமே உடலைத் தட்டையாக்கிக் கல்லோடு ஒட்டி வாழ்கிறது. கருப்பு ஈயின் புழு, பட்டுப் பசையைக் கல்லில் பூசி, பின்முனைக் கொக்கிகளை அதில் மாட்டிக்கொண்டு நீரில் வருவதை வடிகட்டித் தின்கிறது. அருவிப் பாறையில் வாழும், கொசுவைப் போன்ற ஒருவகைப் பூச்சியின் புழுவுக்கு வயிற்றுப்பக்கத்தில் ஆறு உறிஞ்சிகள் உண்டு. காடிஸ்ஃபிளை என்ற பூச்சியின் புழு கற்களின் இடுக்கில் பட்டு வலை கட்டிவிட்டு, நீர் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கிறது. காரா இன மீன்களுக்குக் கீழுதட்டுக்குப் பின்னால் ஒட்டுத்தட்டு இருக்கிறது; பவானியா போன்ற சிறு மீன்கள் அகன்ற துடுப்புகளை விரித்துப் பாறையோடு பாறையாகப் படிந்து நிற்கின்றன. இந்திய மலையோடை உயிர்களின் இந்த உடலமைப்புகளைப் பற்றி விலங்கியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1930லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நடனத் தவளைகள், அருவி இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் பின்னங்காலை நீட்டி ஆட்டியும் சைகை காட்டுகின்றன. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அவற்றின் தலைப்பிரட்டைகளைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அவை ஓடைப்படுகையின் சரளைக்குள் புதைந்து வளர்கின்றன என்பது 2016இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

வெப்பமண்டல ஓடையில் பிராணவாயு எப்போதும் இழுபறிதான். கடல்மட்ட அழுத்தத்தில், 20 டிகிரி செல்சியஸ் நீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5ஆகக் குறைகிறது. 1,000 மீட்டர் உயரத்தில் இதிலும் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதே பத்து டிகிரி ஏற்றத்தில் பூச்சி, மீன்களின் தேவையோ ஏறத்தாழ இருமடங்காகிறது. நுரைத்து ஓடும் நீர் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது: காற்றைக் கலக்கிறது, செவுள்களின் மேல் புதுநீரை ஓயாமல் கொண்டுவருகிறது. வேகநீர்ப் பூச்சிகள் பலவற்றுக்குத் தங்கள் செவுளை அசைத்து நீரை வரவழைக்கும் திறன் இல்லை. ஓட்டம் நின்றால், நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவை மூச்சுத் திணறும்.

இப்போது அடுக்கிய கற்களுக்கு வருவோம். ஈரக்கல்லை எடுத்து வெயிலில் வைத்தால் அடிப்பக்கம் விரைவில் காய்ந்துவிடும். ஓடக்கூடிய புழுக்கள் சில நீருக்குள் விழுந்து தப்பிக்கலாம். கூட்டுப்புழுப் பருவத்தில் கல்லோடு ஒட்டியிருப்பவை தப்ப வழியே இல்லை. குறுக்குத் தடுப்பின் கேடு வேறு வகை. தடுப்புக்கு மேலே வேகம் குறைந்ததும் நீர் சுமந்து வந்த வண்டல் அங்கேயே படிகிறது, கற்களுக்கு இடையிலான சந்துகள் அடைபடுகின்றன, சரளைக்குள் நீர் இறங்குவது நின்றுபோகிறது. கோடையில் நீர் குறைவாக இருந்தால் தடுப்புக்குக் கீழே கற்கள் வெளியே தெரியத் தொடங்கும். அடுத்த வெள்ளம் தடுப்பை உடைத்துவிடும் என்பது உண்மை. அதுவரை அந்த இடத்துக்கு ஒரு தலைமுறை பூச்சி இல்லை. கட்டியவர்களே கலைத்துவிட்டுப் போவது நல்லது. கற்களை ஓடைக்குள்ளேயே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவிட வேண்டும்.

வண்டல் வருவதற்குக் குளிப்பவர்களைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. சரிவை வெட்டிப் போடும் சாலைகள், களையை வேரோடு சுரண்டிய தோட்டங்கள், ஜீப் இறங்கி ஏறும் ஓடைக்கடவுகள். ஓர் ஓடை வண்டலால் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஆழம் குறைந்து நீர் சலசலக்கும் இடத்தில், கைமுட்டி முதல் தலை அளவு வரையுள்ள பத்துக் கற்களைப் பாருங்கள். உயரத்தில் கால் பங்குக்குள் புதைந்திருந்தால் படுகை நலமாக இருக்கிறது. முக்கால் பங்கு புதைந்திருந்தால் அடியில் வீடே இல்லை.

சோப்பும் ஷாம்பூவும் கெடுதல் என்பது பலருக்குத் தெரியும். அதனால் சீயக்காய்த்தூள் கொண்டுவருகிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின் என்ற வேதிப்பொருள். அது செவுளின் மெல்லிய தோலைச் சிதைக்கிறது; சபோனின் உள்ள தாவரங்களை நசுக்கிக் கலக்கி மீன் பிடித்ததே அதனால்தான். இயற்கைப் பொருள் என்பதால் ஓடைக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. எந்த நுரையானாலும் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, பாத்திரத்தில் நீர் மொண்டு, மண்ணில் ஊறும்படி குளியுங்கள். எண்ணெய் தேய்த்திருந்தால் முதலில் அங்கேயே கழுவிவிட்டு ஓடையில் இறங்கலாம். பாபநாசம் போன்ற படித்துறைகளில் பரிகாரம் முடித்து ஆற்றில் விடும் துணியும் இதே வகைக் கேடுதான். அது கரைவதில்லை, கற்களைப் போர்த்தி மூடிவிடுகிறது.

எல்லாவற்றிலும் கொடியது பிளீச்சிங் பவுடர் போட்டு மீன் பிடிப்பது. அதிலிருந்து நீரில் கலப்பது குளோரின். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் வைத்திருக்கும் குறுகியகால வரம்பு 0.019 மில்லிகிராம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரு சிறு பொட்டலம் கோடைக்கால ஓடையில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தூண்டிலிலோ வலையிலோ சிக்குவது சில மீன்கள். இங்கே சாவது தவளைக்குஞ்சு, நண்டு, பூச்சிப்புழு என்று எல்லாமே. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 4, 5ஆம் பிரிவுகளின்படி குற்றம். காட்டுக்குள் என்றால் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். மீன் மிதக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது போதும். நீரில் இறங்க வேண்டாம், அந்த மீனைச் சாப்பிடவும் வேண்டாம்.

நஞ்சு எந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். ஓடைப் பூச்சிகள், குறிப்பாக இரவில், பிடியை விட்டு நீரோடு கொஞ்ச தூரம் மிதந்து போய் வேறு கல்லில் ஒட்டுகின்றன. வெப்பமண்டலத்தில் இவை ஆண்டுக்குப் பல தலைமுறை காண்பவை. எனவே கீழே ஓரிடம் அழிந்தாலும் மேலிருந்து மீண்டும் குடியேறிவிடும். ஓடை தொடங்கும் தலைப்பகுதியிலேயே நஞ்சு விழுந்தால் குடியேற ஆளே இல்லை. ரிசார்ட்டுக்கும் தோட்டத்துக்கும் கோடையில் முழு ஓடையையும் குழாயில் திருப்புவதும் இதே காரணத்தால் தான் ஆபத்து. குழாயின் வாயைக் கயத்தில், அதாவது நீர் ஆழமாக நிற்கும் இடத்தில், வையுங்கள், சலசலக்கும் பகுதியில் வேண்டாம். மழைக்காலத்தில் தொட்டியை நிரப்பி, மார்ச் முதல் மே வரை எடுப்பதைக் குறைக்க வேண்டும்.

கரைமரங்கள் நிழல் தருகின்றன, இலை உதிர்க்கின்றன. நிழல் மூடிய ஓடையில் உணவின் அடிப்படையே அந்த இலைதான். இருகரையிலும் மரங்களுக்கென 30 மீட்டர் அகலம் விட வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. முடியாத இடத்தில் பத்து மீட்டராவது. அடிவாரத்தில் நீர்மருது, நாவல், புங்கம் நடலாம். மலை உச்சிக்கு அந்தந்த இடத்துச் சோலை மரங்கள்தான் சரி. கப்பி, திலேப்பியா போன்ற அயல்நாட்டு மீன்களை ஓடையில் விடாதீர்கள்.

பள்ளி இயற்கை மன்றங்கள் ஓடையைப் பரிசோதிக்க விரும்பினால் (காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்கியபின்) ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெள்ளம் வந்து இரண்டு வாரமாவது போயிருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைக் கீழே பிடித்து, அதற்கு மேலே ஒரு நிமிடம் மட்டும் காலால் சரளையைக் கிளறுங்கள். சிக்கியதை ஓடைநீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் இட்டு நிழலில் வையுங்கள். பெரும்பாலும் மூன்று வால், வயிற்றோரம் செவுள் என்றால் மேஃபிளை. இரண்டு வால், கால்கள் உடலோடு சேரும் இடத்தில் செவுள் என்றால் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சி. புழு உடலின் பின்முனையில் இரண்டு கொக்கி என்றால் காடிஸ்ஃபிளை. மூன்றும் இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது. சிவப்புப் புழு மட்டும் மண்டியிருந்தால் பிராணவாயு குறைந்து, கழிவு சேர்ந்திருக்கிறது என்று பொருள். பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையில் எடுத்துப் பார்த்த கற்களை முன்பு இருந்த பக்கம் மேலே வரும்படி திரும்ப வையுங்கள்.