கருங்கல் தூண் அடியில் ஏன் பொரிகிறது?

"வேலூர் வெயிலுக்குக் கல்லே வெடிச்சிடும் சார்." பழைய கல் கட்டடங்களைப் பார்க்கப் போகும் இடமெல்லாம் இதைச் சொல்கிறார்கள். வெயில் மட்டும்தான் காரணம் என்றால், 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதில் இத்தனை கோடைகளைத் தாண்டி நின்றிருக்காது.

வெயிலுக்கும் பங்கு உண்டு. கல்லின் மேற்பரப்பு உட்பகுதியைவிட அதிகமாக விரியும்; ராத்திரியில் சுருங்கும். அதில் மயிரிழை விரிசல்கள் விழும். ஆனால் அது மிக மெதுவாக நடப்பது. கல்லைச் சீக்கிரம் கெடுப்பது தண்ணீரோடு வரும் உப்பு.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் திண்ணைத் தூண்களைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே உளி வேலை அப்படியே இருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் செதில் செதிலாகப் பொரிந்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. சிறு சுத்தியலால் தட்டினேன். மேலே கணீரென்றது, கீழே பொத்தென்றது. வெயில் தின்றிருந்தால் தூண் முழுக்க அல்லவா தின்றிருக்க வேண்டும்?

நடப்பது இதுதான். மண்ணின் ஈரம் கல்லிலும் காரையிலும் ஏறுகிறது. வெயில் அந்த ஈரத்தை உறிஞ்சிவிட, உப்பு கல்லுக்குள்ளேயே தங்கிப் படிகமாக வளர்ந்து, நுண்துளைகளை உள்ளிருந்து பிளக்கிறது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலம், நடுவில் காயும் காலம். நனைவதும் காய்வதும் ஓய்வதே இல்லை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறியது 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஷயம். அந்தத் தண்ணீரைத்தான் பல இடங்களில் போர்வெல்லில் எடுத்துக் கலவை போடுகிறோம்.

அந்தத் தூண்களைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு, அடியில் ஆயில் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், கல்லுக்கு அதுவே வினை. பழைய கல் கட்டில் சிமென்ட் பாயிண்டிங், அதாவது கல் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைப்பது, வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் காரைதான் ஈரத்தை மூச்சு விட வைக்கும். புதுக் கட்டடமென்றால் கடைக்காலுக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் கட்டாயம். கலவைத் தண்ணீரையும் சோதியுங்கள்: கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்ச வரம்பு.

தை மாசியில் தூண் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்த உப்பு திரும்ப உள்ளே போகும். ஆசிட் ஊற்றினால் புது உப்பே சேரும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, விழும் பொடியை முறத்தில் வாரி வெளியே கொட்டிவிடுங்கள்.