பிளேன்டீயும் இரண்டு குளிசைகளும்

கிளினிக் போய்வரும் கர்ப்பிணியின் பையில் பெரும்பாலும் இரும்புக் குளிசையும் கல்சியம் குளிசையும் இருக்கும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, சூடான பிளேன்டீயால் விழுங்கிவிடுவோம். குளிசை வயிற்றுக்குப் போய்விடும். இரும்பு ரத்தத்துக்குப் போகுமா என்பதுதான் சந்தேகம்.

வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப்போகும் அல்லவா? காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்த கறை அது. தேயிலையிலும் அதே இனத் துவர்ப்பு இருக்கிறது. குடலில் அது இரும்பைக் கட்டிப்போட, பெரும்பகுதி கழிவோடு வெளியேறிவிடும். ஒரே வேளையில் வரும் கல்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. தேசிக்காயில் உள்ள வைட்டமின் சி-யோ இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்தில் வைத்திருக்கும்.

சரி, எப்போது எடுப்பது? இரும்புக்கு வெறும் வயிறு நல்லது. ஆனால் விடிந்ததும் தேத்தண்ணி, பத்து மணிக்குத் தேத்தண்ணி என்று ஓடும் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து இரவுதான் வசதி. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கல்சியத்தைப் பகல் சோற்றோடு எடுக்கலாம். குளிசை கல்சியம் கார்பனேட் என்றால், அது கரையச் சாப்பாட்டோடு சுரக்கும் வயிற்று அமிலம் வேண்டும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

கர்ப்பிணிக்கு நாளுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. லேபலில் உள்ள எண் ஆளை ஏமாற்றும்: பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு 200 மில்லிகிராம் உள்ள குளிசையில் இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான். கல்சியம் லக்டேட்டிலும் கல்சியம் எடையில் 13 சதவீதமே, கார்பனேட்டில் 40. கல்சியத்தை ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் குடல் திறமையாக உறிஞ்சாது.

நேற்று மறந்ததை இன்று சேர்த்துப் போடுவதிலும் பலன் குறைவு. இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது ஏறக்குறைய ஒரு நாள் குடலின் கதவை ஒடுக்கிவைக்கும்.

மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது இரும்பின் வேலை. மலச்சிக்கல் இரண்டிலும் வரலாம். கல்சியம் மிதமிஞ்சினால் சிறுநீரகக் கல் வரலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவருக்கு இரும்பே உடலில் தேங்கிக் கேடு செய்யும். ஆகவே சோர்வு என்றதும் கடையில் வாங்கிப் போடாமல் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

இரண்டில் எனக்குப் பயம் இரும்பின்மேல்தான். மிட்டாய் போலிருக்கும் அதை ஒரு கைப்பிடி விழுங்கினால் சின்னப் பிள்ளையின் உயிரே போகலாம். லயத்து அறையில் அலுமாரி இல்லாவிட்டாலும், எட்டாத உயரத்தில் ஒரு மூடி போட்ட டின் போதும்.