ஜோடி கடையில் கிடைக்காது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரத்து மீன் கடைகளில் கிரிபென்சிஸ் மீனை ‘ஜோடி’ என்று சொல்லித்தான் விற்பார்கள். பையில் கட்டித் தருவது ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவை ஜோடி ஆகுமா என்பது கடைக்காரருக்கும் தெரியாது. கிரிபென்சிஸ் உட்பட சிக்லிட் குடும்பத்து மீன்கள் துணையைத் தாங்களே தேடிக்கொள்பவை. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் அங்கே செல்லாது. பிடிக்காத இரண்டை ஒரு சிறு தொட்டியில் அடைத்தால், சில நாட்களில் பெண் மீன் துடுப்பு கிழிந்து ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும்.

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட்டுகள் அப்படியல்ல. பெயரிடப்பட்ட சுமார் 1,700 இனங்களில் ஏறக்குறைய எல்லாமே முட்டையையோ குஞ்சையோ ஏதோ ஒரு வகையில் காக்கின்றன. காவலுக்கு இரண்டு பேர் தேவைப்படும் இனங்களில் ஜோடி உருவாகிறது. ஒருவரே போதும் என்றால் ஜோடிக்கு வேலையே இல்லை. எந்த இனத்தை எப்படி வளர்ப்பது என்பதற்கான விடை பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

கிரிபென்சிஸ் முதல் வகை. தென் நைஜீரியாவின் ஆறுகளும் ஓடைகளும் அதன் ஊர். ஆண் பத்து சென்டிமீட்டர் வரை வளரும், பெண் அதைவிடச் சிறியது. இங்கே வலிய வந்து அழைப்பது பெண்தான். வயிறு பழுத்த நாவல் நிறத்துக்கு மாற, உடலை வில்லாக வளைத்து, அந்த வயிறு ஆணின் கண்ணுக்கு நேரே படும்படி நின்று நடுங்கும். ஆணுக்குச் சம்மதம் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு பொந்தைத் தோண்டத் தொடங்கும். வாய் நிறைய மணலை அள்ளி வந்து வெளியே துப்பும்.

பொந்துக்குத் தேங்காய்ச் சிரட்டையைவிடச் சிறந்த பொருள் இல்லை. ஈஸ்டர் விடுமுறையில் மாரியம்மன் திருவிழா முடிந்ததும் நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமும் இராது. பருப்பை முழுவதும் சுரண்டி எடுத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கொதிக்கவைத்து, விளிம்பில் பெண் மீன் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்துவிட்டால் போதும். கற்பூரம் ஏற்றிய மூடி வேண்டாம். முட்டைகள் சிரட்டையின் உட்கூரையில் ஒட்டித் தொங்கும். பெண் உள்ளே இருந்து துடுப்பால் விசிறும். ஆண் வெளியே எல்லை காக்கும். சுமார் மூன்று நாளில் முட்டை பொரியும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கி, தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே ஒரு மேகமாக நகரும். ஆபத்து என்று தாய் உடலை வெட்டி அசைத்தால், அத்தனையும் ஒரே நொடியில் தரையில் படிந்துவிடும். தொட்டி வைத்திருப்பவர்கள் காணக்கூடிய காட்சிகளில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

எனவே ஜோடி வேண்டுமென்றால் ஐந்தாறு இளம் மீன்களை வாங்கி, ஒன்றாக வளரவிட வேண்டும். இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கினால் தேர்வு முடிந்தது என்று பொருள். மற்றவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். இரண்டுக்கும் எண்பது லிட்டர் தொட்டி போதும். உயரத்தைவிட நீளம் முக்கியம்.

ஆனால் மற்ற மீனே இல்லாமல் ஜோடியைத் தனியாக விட்டுவிடாதீர்கள். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ், ஆரஞ்சு குரோமைடு மீனை வளர்த்துப் பார்த்தார். தென்னிந்தியா, இலங்கையின் காயல்களில் வாழும் மீன் அது; கேரளத்துக் கரிமீனுக்கு உறவு. நல்ல ஜோடியைத் தனித் தொட்டியில் நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டால், ஆண் பெண்ணையே அடிக்கத் தொடங்கியது. நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விட்டதும் அடி நின்றது. ஒவ்வொரு ஆணும் தன் கோபத்தைக் கண்ணாடிக்கு அப்பாலுள்ள ஆணிடம் காட்டியது. தடுப்பில் பாசி படர்ந்து எதிரி மங்கலாகும்போது ஆண் மறுபடியும் துணையிடம் முரட்டுத்தனம் காட்டும். கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளமாக இருந்ததாம். காவல் காக்கவே உருவான மீனுக்கு விரட்ட ஆள் இல்லையென்றால், அந்த வேகம் பக்கத்தில் இருப்பதன் மேல் பாய்கிறது. நம் வீட்டுத் தொட்டிக்கு இரண்டாவது ஜோடி தேவையில்லை. மேல்மட்டத்தில் நீந்தும் ஆறேழு சிறு டெட்ராக்கள் அந்த வேலையைச் செய்துவிடும்.

துணை பிடித்ததா இல்லையா என்பது மீனுக்கு உண்மையில் பொருட்டா? பிரான்சின் பர்கண்டி பல்கலைக்கழகத்தினர் கான்விக்ட் சிக்லிட்டில் இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு நிற மூடியைத் திறந்தால் உணவு கிடைக்கும், இன்னொரு நிறத்தைத் திறந்தால் ஏமாற்றம் என்று பெண் மீன்களுக்குப் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவான நிறத்தில் ஒரு மூடியை வைத்தார்கள். விரும்பிய ஆணோடு இருந்த பெண்களைவிட, அந்த ஆணை இழந்து வேறொன்றோடு விடப்பட்டவை அதைத் திறக்க அதிக நேரம் தயங்கின. இதைச் சோகம் என்று அழைப்பதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பு குறைந்துபோனது தெளிவாகவே தெரிகிறது.

ஜோடிக்கு வேலையில்லாத வகைக்கு வெளிநாடு போக வேண்டாம். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ஓடைகளிலேயே வாழ்கிறது தென்னாட்டு வாயடைகாப்பி (ஆங்கிலத்தில் ‘சதர்ன் மவுத்பிரூடர்’), அறிவியல் பெயர் சூடோகிரெனிலாப்ரஸ் பிலாண்டர். பெண் முட்டைகளை இட்டதும் வாயில் அள்ளிக்கொள்கிறது. ஆணின் குதத் துடுப்பு நுனியில் ஒரு செம்மஞ்சள் பொட்டு உண்டு. பெண் அதைக் கவ்வப் போகும்போது விந்து வாய்க்குள் சேர்ந்து முட்டைகள் கருவுறுகின்றன. இத்தகைய பொட்டுகள் முட்டையைப் போலத் தோன்றி ஏமாற்றுகின்றன என்பது 1962-இல் விலங்கியலாளர் வொல்ஃப்காங் விக்லர் தந்த விளக்கம். அதன் பிறகு ஆணுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை; அடுத்த பெண்ணைத் தேடிப் போய்விடும். இதை ஜோடியாக வைப்பது பெண்ணுக்குக் கொடுமை. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள், மறைய நிறையச் செடிகள் என்று வைத்தால் துரத்தல் பங்கிடப்படும். வாய் உப்பிய பெண்ணைத் தனியே எடுத்து இரண்டு வாரம் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும்.

நீரைப் பற்றிச் சுருக்கமாக. கிரிபென்சிஸ் குஞ்சுகள் ஆணாவதா பெண்ணாவதா என்பதில் நீரின் அமிலத்தன்மைக்குப் பங்கு உண்டு. அமிலம் கூடினால் ஆண்கள் அதிகம். அபிஸ்டோகிராமா எனும் தென் அமெரிக்கக் குட்டிச் சிக்லிட்டுகளில் அதைவிட வெப்பநிலை முக்கியம். பெரும்பாலான இனங்களில் வெப்பம் கூடினால் ஆண்கள் கூடும் என்று ஆய்வாளர்கள் ரோமரும் பைசன்ஹெர்ட்சும் 1996-இல் காட்டினார்கள். ஒரு ஈட்டில் எல்லாமே ஆணாக வந்தால் மீனைக் குறை சொல்லாமல் வெப்பமானியைப் பாருங்கள்.

மின்வெட்டு நம் நாட்டுக்குப் பழகிப்போன தலைவலி. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் நிற்கும்போது தொட்டியைக் கம்பளியால் சுற்றினால் சூடு மெதுவாகவே இறங்கும். ஆனால் குளிரைவிட முதலில் கவனிக்க வேண்டியது ஃபில்டர். மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நீர் ஓடாமல் நின்றால் அவை மடியத் தொடங்கும்; மின்சாரம் திரும்பியதும் அந்த நாறிய நீர் நேரே குஞ்சுகள் மேல் பாயும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் பஞ்சு ஃபில்டரும் இருந்தால் இந்தக் கவலை இல்லை. இருட்டில் தீனி போட வேண்டாம்.

ஒரு மாதமோ சற்று அதிகமோ ஆனதும் பெண்ணின் வயிறு மறுபடி சிவக்கும். அதுவரை காத்த குஞ்சுகளையே பெற்றோர் விரட்டத் தொடங்கும். அப்போது அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். மிஞ்சியவற்றைக் கடையில் கொடுக்கலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். உம்கேனியிலோ வேறு ஆற்றிலோ விடக்கூடாது. வெளியிலிருந்து வந்த நைல் திலேப்பியாவோடு கலந்து, இம்மண்ணின் மொசாம்பிக் திலேப்பியா, அதாவது தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்று விற்கும் அதே மீன், தன் சொந்த ஆறுகளிலேயே அழியும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது.