கடல் கடக்கும் முன் பெயரைக் காத்துக்கொள்ளுங்கள்: மாட்ரிட் பதிவு முறை

ஈரோட்டு மஞ்சள் தூளையோ திருப்பூர் பனியனையோ சொந்தப் பெயர் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கும் சிறு தொழில்முனைவோர் பலர், ‘டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) பதிவு செய்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று இருந்துவிடுகிறார்கள். சென்னை கிண்டியில் உள்ள வணிகச் சின்னப் பதிவகம் தரும் சான்றிதழ் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். துபாயிலோ கோலாலம்பூரிலோ அதே பெயரை வேறொருவர் பதிவு செய்துகொண்டால், அந்தச் சான்றிதழை மட்டும் காட்டி அவரைத் தடுக்க முடியாது.

இந்தியச் சட்டம் ஒரு பெயரை முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்புத் தருகிறது. சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே பெரும்பாலும் உரிமை. ஆப்பிள் நிறுவனமே இதில் அடிபட்டிருக்கிறது. ‘ஐபேட்’ என்ற பெயரை ஒரு தைவான் நிறுவனத்திடமிருந்து அது விலைக்கு வாங்கியிருந்தது. ஆனால் சீனப் பெருநிலப் பகுதியில் அந்தப் பெயர் ஷென்சென் நகரில் இருந்த, அதே குழுமத்தின் வேறொரு நிறுவனத்தின் பேரில் பதிவாகியிருந்தது. வழக்கு முற்றி, 2012-இல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் ஆப்பிள் அந்தப் பெயரைப் பெற்றது. நம் ஊர்ச் சிறு நிறுவனம் இப்படி ஒரு தொகைக்கு எங்கே போகும்?

ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி வழக்கறிஞர் வைத்து விண்ணப்பிக்கலாம், செலவு தாங்காது. அதற்கு மாற்றாக இருப்பதுதான் மாட்ரிட் முறை. இந்தியா இதில் 2013 ஜூலை 8 முதல் உறுப்பினர். நிர்வகிப்பது ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு. ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, சீனா உட்பட 130-க்கும் மேற்பட்ட நாடுகள் இதன் வரம்பில் வருகின்றன. நம் பதிவகத்தின் இணையதளம் வழியாக ‘எம்.எம்.2’ என்ற படிவத்தில் ஒரே விண்ணப்பம் போட்டு, வேண்டிய நாடுகளைக் குறித்தால் போதும். சீனாவைக் குறித்தால் ஹாங்காங்கும் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அங்கே தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கு அடித்தளம் உங்கள் இந்திய விண்ணப்பம். அது பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை, பரிசீலனையில் இருந்தாலும் போதும். ஆனால் இங்கே எந்தச் சின்னத்துக்கு விண்ணப்பித்தீர்களோ, அதேதான் அங்கும் போகும். பலர் தடுமாறும் இடம் இதுதான். தமிழ் எழுத்தில் பதிவு செய்த பெயரை வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் அச்சிட்ட லேபிளுக்குப் பாதுகாப்புக் கேட்க முடியாது. வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் எது இருக்கிறதோ, அதற்கு முதலில் இந்தியாவில் விண்ணப்பியுங்கள். பொருள்களின் பட்டியலும் அப்படித்தான்: இங்கே மசாலாவுக்கு மட்டும் கேட்டுவிட்டு, அங்கே ஊறுகாயைச் சேர்க்க முடியாது. விண்ணப்பதாரரும் ஒருவராகவே இருக்க வேண்டும். இந்தியப் பதிவு அப்பா பெயரிலும் ஏற்றுமதி மகனின் கம்பெனி பெயரிலும் இருந்தால், அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் ஐந்து ஆண்டு விதி. சர்வதேசப் பதிவு நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இந்திய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ ரத்தானாலோ, எல்லா நாடுகளிலும் உள்ள பாதுகாப்பு ஒரேயடியாகச் சரிந்துவிடும். அப்போது மூன்று மாதங்களுக்குள் அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம்; அதற்குத் தனிச் செலவு. ஆகவே, இந்தியாவில் ஆட்சேபனைக் கடிதம் வந்தால் பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

கட்டணத்துக்கு வருவோம். சிறு நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் இணையவழி இந்திய விண்ணப்பம் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு பொருள் வகைக்கு) 4,500 ரூபாய். மாட்ரிட் அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைச் சின்னத்துக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணச் சின்னத்துக்கு 903. இதன்மேல் நாட்டுக்கு நாடு கட்டணம் உண்டு. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இணையதளத்தில் உள்ள கணிப்பானில் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நீங்கள் குறித்த நாடுகள் தங்கள் சட்டப்படி ஆராய்ந்து 12 அல்லது 18 மாதங்களுக்குள் மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால்தான் அந்த நாட்டு வழக்கறிஞர் தேவைப்படுவார்.

இந்திய விண்ணப்பம் போட்ட ஆறு மாதங்களுக்குள் வெளிநாட்டுக்கும் விண்ணப்பித்தால், இந்தியத் தேதியையே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். இடையில் வேறொருவர் அதே பெயருக்கு விண்ணப்பித்திருந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். எனவே கண்காட்சிக்கு மாதிரி அனுப்புவதற்கு முன்பே இந்திய விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

‘பதிவு வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று வெளிநாட்டு விநியோகஸ்தர் முன்வந்தால், அவர் பெயரில் பதிவு செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உறவு முறிந்தால், உங்கள் பெயரில் சரக்கு விற்க நீங்கள் அவரிடம் அனுமதி கேட்கும் நிலை வரும். பெயர் உங்கள் நிறுவனத்துக்கே உரியது என்று ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

புதிய இயந்திரத்தையோ செய்முறையையோ வெளியே கொண்டுபோகிறவர்களுக்கு விதி வேறு. இந்தியாவில் வசிப்பவர் தன் கண்டுபிடிப்புக்கு நேரடியாக வெளிநாட்டில் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கக் கூடாது. இங்கே விண்ணப்பித்து ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமை அலுவலகத்தின் முன் அனுமதி பெற வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

உத்யம் பதிவு (சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற நிறுவனங்களுக்கு, 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் ‘எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ்’ திட்டத்தில் வணிகச் சின்னத்துக்கு 10,000 ரூபாய் வரையும், வெளிநாட்டுக் காப்புரிமைக்கு 5 லட்சம் ரூபாய் வரையும் செலவைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. முதலில் கைப்பணத்தைப் போட்டுப் பிறகு கேட்பது இது என்பதால், கட்டிய ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.